கவலைப்படாதே என்று சொன்ன வக்கீல்

எனக்குப் பயந்த சுபாவம். அடுப்பை அணைத்தேனா என்று பஸ் ஸ்டாப்பிலிருந்து திரும்பிப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறவள். எட்டாவதோடு படிப்பு நின்றுவிட்டதால் முத்திரை வைத்த காகிதம் என்றாலே அண்ணனிடம் நீட்டிவிடுவேன். அப்படிப்பட்ட நான்தான் ஒரு வக்கீலைத் தேர்ந்தெடுக்க வேண்டி வந்தது.

புருஷனுக்குக் கல்பாக்கத்தில் காண்ட்ராக்ட் வேலை. கை நீட்டுவான். ஒரு காலையில் பொறுக்க முடியாமல், கட்டிய புடவையோடு சிங்கப்பெருமாள் கோயிலில் இருக்கும் அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டேன். நாலரை வயது மகள் அப்போது நாத்தனாரோடு கடைக்குப் போயிருந்தாள். மறுநாளே போய் அழைத்து வரலாம் என்றிருந்தேன். அண்ணன் விடவில்லை.

"நீ இன்னாத்துக்குப் போற? அங்கயே கெடக்கட்டும். ரெண்டு நாள் சோறு ஊட்டி, கால் கழுவி வுட்டா தெரியும். அவனே தூக்கிகினு வந்து வாசல்ல நிப்பான் பாரு."

எங்கள் சனத்தில் இது வழக்கம்தான். பிள்ளையை விட்டுவிட்டு வந்தால் புருஷன் இறங்கி வருவான் என்பார்கள். சில வீடுகளில் பலித்தும் இருக்கிறது.

மூன்று நாள் ஆகியும் அவன் வரவில்லை. அண்ணனும் நானும் செங்கல்பட்டுக்கு வக்கீல் தேடிப் போனோம்.

முதலில் பார்த்தது ஒரு வக்கீலம்மாவை. மாடியில் ஒற்றை அறை. வேறு ஆளே இல்லை. தயிர்சாதத்தை ஒரு கையால் சாப்பிட்டபடி மறு கையால் எழுதிக்கொண்டார். குழந்தையை யார் குளிப்பாட்டினது, தடுப்பூசி அட்டை யாரிடம் இருக்கிறது, ஸ்கூலில் யார் கையெழுத்து என்று ஒரு மணி நேரம் கேள்வி. கடைசியில் பேனாவை மூடினார்.

"இங்க பாரும்மா. இப்பவே போய் கொழந்தையைக் கூட்டிட்டு வா. ஸ்டேஷனுக்குப் போகணும்னா நானும் வரேன். கேஸ் போட்டா இழுக்கும். கொழந்தை எங்க இருக்கோ, இப்போதைக்கு அங்கயே இருக்கட்டும்னுதான் கோர்ட்டுல பெரும்பாலும் சொல்வாங்க. நாள் போனா அதுக்கே உன்னைத் தெரியாமப் போயிடும்."

மேற்கொண்டு கேட்கப் பயந்து எழுந்துவிட்டேன். படியிறங்கும்போதே அண்ணன் ஆரம்பித்தான்.

"வாயத் தொறந்தா அபசகுனம். ஒரு பார்ட்டி கூட இல்ல, பாத்தியா? ஈ ஓட்டிகினு கீது அந்தம்மா."

இரண்டாவது வக்கீலின் ஆபீசில் உட்கார இடமில்லை. ஜூனியர்கள் மட்டும் மூன்று பேர். அவர் என்னை எதுவும் விசாரிக்கவில்லை.

"பொண் கொழந்தையா? அஞ்சு வயசுக்குள்ளதானே? சட்டமே உன் பக்கம். ரெண்டு வாய்தா, அவ்ளோதான். கவலைப்படாத, போய் நிம்மதியா தூங்கும்மா."

அன்று தூங்கினேன். அந்தத் தூக்கத்துக்காகத்தான் அவருடைய வக்காலத்தில் கையெழுத்துப் போட்டேன் என்று இப்போது தோன்றுகிறது.

அதன் பிறகு வாய்தா, வாய்தா, வாய்தா. படூரில் அப்பார்ட்மெண்ட் கூட்டுகிற வேலைக்கு லீவு சொல்லிவிட்டுப் போய் நிற்பேன். அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். அக்குளில் ஐந்தாறு கேஸ் கட்டுகளோடு இந்த ஹாலுக்கும் அந்த ஹாலுக்கும் ஓடுவார். மத்தியானச் சாப்பாடே நின்றபடி ஒரு பஜ்ஜிதான். எங்கள் நம்பரைக் கூப்பிடும்போது அவர் வேறு ஹாலில் இருப்பார். ஜூனியர் அடுத்த தேதி வாங்கிவிடுவார். வெளியே அவரைப் பார்த்தால் ஒவ்வொரு முறையும் அதே கேள்விதான் கேட்பார்.

"நீ எந்த கேஸும்மா?"

"கொழந்த கேஸு சார்."

"ஆங். கவலைப்படாத."

அஞ்சு வயதுக்குள் என்றாரே, அந்த அஞ்சும் முடிந்து ஆறும் முடிந்தது. அப்புறம்தான் வக்கீலம்மாவிடம் திரும்பிப் போனேன். அவர் குத்திக்காட்டவில்லை. கேஸை மாற்றப் பழைய வக்கீலிடம் ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்து வாங்கி வரச் சொன்னார். வாங்கவே ஒரு மாதம் நடந்தேன். முதல் வேலையாக, சனிக்கிழமைதோறும் இரண்டு மணி நேரம் மகளை மாமல்லபுரத்துப் பூங்காவில் பார்க்க உத்தரவு வாங்கித் தந்தார்.

முதல் சனிக்கிழமை ஒரு ஜோடி செருப்பு வாங்கிப் போனேன். குதிகால் உள்ளே போகவில்லை. நான் மனதில் அளந்தது பழைய காலை. மகள் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நாத்தனாரைப் பார்த்தாள்.

"அத்த, வாங்கிக்கட்டா?"

பிறகு ஒரு நாள் ஜட்ஜ் அவளைத் தனியாக உள்ளே அழைத்துப் பேசினார். அத்தையிடம் இருக்கிறேன் என்றாளாம். குழந்தை அங்கேயே இருக்கட்டும், சனிக்கிழமை மட்டும் எனக்கு என்று தீர்ப்பானது.

"மேல் கோர்ட்டுக்குப் போலாம்," என்றார் வக்கீலம்மா. "கெடைக்கும்னு என்னால சொல்ல முடியல. சனிக்கிழமையை மட்டும் விட்டுடாதம்மா. மழையோ காய்ச்சலோ, போய் நில்லு."

விடாமல் போனேன். போன வாரம் சுண்டல் சாப்பிட்டுக்கொண்டே மகள் கேட்டாள்.

"இனிமே சனிக்கெழம எனக்கு டான்ஸ் கிளாஸ் கீது. இங்க வந்தே ஆவணுமா?"

முகம் வாடிவிடுமோ, என்னை வெறுத்துவிடுவாளோ என்ற பயத்தில் வாய் முந்திக்கொண்டது.

"கிளாஸுக்குப் போ கண்ணு. எனக்குப் பரவால்ல."

அவள் சிரித்தாள். இந்த இரண்டு வருடச் சனிக்கிழமைகளில் என்னைப் பார்த்து அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. நாத்தனார் அந்த வார்த்தையைக் கேட்டுக்கொண்டு நின்றாள். சொன்ன வார்த்தையை எப்படித் திரும்ப வாங்குவது என்று வக்கீலம்மாவிடம் கேட்கக்கூட எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.