அளவுக்கு நின்ற ஆள்

அந்தப் போலந்துக்காரரின் வாழ்க்கை வரலாறு எனக்குத் தலைகீழ்ப் பாடம். இணையத்தில் தட்டினால் பக்கம் பக்கமாக வருகிறது. கட்டடக்கலை படித்தவர், ஒரு கட்டடமும் கட்டாமல் கேமராவைத் தூக்கியவர், தன் நாட்டின் பழைய அடுக்குமாடிகளை ஆளரவம் இல்லாமல் படமெடுத்துப் பெயர் வாங்கியவர். பிறகு வளைகுடாவில் நான்கு வருடம். அதன்பின் ஐரோப்பா முழுக்கக் கண்காட்சிகள், தடித்தடியாகப் புத்தகங்கள். எந்த லென்ஸ், எந்தக் காகிதம், இரண்டாவது மனைவியோடு எந்த ஊரில் குடியிருக்கிறார் என்பதுவரை எழுதி வைத்திருக்கிறார்கள். அவருடைய நாயின் பேர்கூட அதில் இருக்கிறது. அந்த நான்கு வருடமும் அவருடைய கேமரா ஸ்டாண்டைச் சுமந்த என் அப்பாவின் பேர் இல்லை. வயிறு எரியாமல் என்ன செய்யும்?

அப்போது நாங்கள் ஷார்ஜாவில் இருந்தோம். அம்மா ஒரு கிளினிக்கில் நர்ஸ். அப்பா, சைட்டுகளில் சாரம் கட்டுகிற கம்பெனியில் ஃபோர்மேன். குமரிக் கடற்கரையில் வலை இழுக்கும் வீட்டில் பிறந்தவர், நாற்பதாவது மாடியில் இரும்புக் குழாய்மேல் வரப்பில் போவதுபோல நடப்பார். படம் எடுக்க வந்த போலந்துக்காரரை ஏதோ ஒரு சைட்டில் மேலே ஏற்றிக் காட்டியது அவர்தான். அதிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் அவரோடு போக ஆரம்பித்தார். அப்போது அங்கே வெள்ளிதான் வார லீவு. அப்பாவுக்கு அவர் ‘ஆர்கிடெக்ட் சார்’. அம்மாவுக்கு ‘அந்தப் போலந்து’. எங்கள் வீட்டு மீன்குழம்பைக் கண்ணீர் வழிய வழியச் சாப்பிட்டுவிட்டு இன்னும் கொஞ்சம் கேட்டவர். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். அதுதான் என் கோபத்தை இன்னும் கிளறுகிறது.

“அப்பா வெள்ளிக்கிழம எங்க போறாருன்னு ஒருத்தர்ட்டயும் மூச்சு விடப்பிடாது, கேட்டியா?” என்று அம்மா சொல்லியிருந்தாள். எதற்கு என்று நான் கேட்கவே இல்லை. எனக்குத்தான் எல்லாம் தெரியுமே! அங்கே எங்களுக்குப் பூசையும் வெள்ளிக்கிழமைதான். அப்பா பூசைக்கு வராமல் ஊர் சுற்றுவது ஃபாதர் காதுக்குப் போய்விடக் கூடாது, அவ்வளவுதான் சங்கதி என்று நினைத்துக்கொண்டேன். கோவிலில் யார் விசாரித்தாலும் “அப்பாவுக்கு டூட்டி” என்று கூசாமல் புளுகிவிட்டு, அந்தப் பாவத்துக்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்டு முழங்காலில் நிற்பேன்.

எனக்கு ஒன்பது வயதானபோது அவருடைய படங்களைத் துபாயில் அல் கூஸ் பக்கம் கண்காட்சி வைத்தார்கள். மரச்சாமான் குடோனுக்கும் டயர் கடைக்கும் நடுவே ஒரு குடோனை வெள்ளையடித்துக் கேலரி ஆக்கியிருந்தார்கள். அம்மாவுக்கு மாலை டூட்டி. அப்பா கல்யாண வீடுகளுக்குப் போடும் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு என்னையும் கூட்டிப்போனார். உள்ளே ஒரு சுவர் முழுக்க ஒரே படம். பூசாத கான்கிரீட் வானம்வரை ஏறி நிற்கிறது. அடியில் கட்டைவிரல் உயரத்துக்கு ஓர் ஆள். முகம் தெரியவில்லை. ஆனால் இடுப்பில் இரண்டு கையையும் ஊன்றி, தலையைச் சாய்த்து நிற்கிற அந்த நிற்பு உலகத்தில் வேறு யாருக்கும் கிடையாது. “அப்பா, நீங்க!” என்று கத்தினேன். அப்பா வெட்கப்பட்டுச் சிரித்துவிட்டு, எனக்கு ஜூஸ் எடுத்துவரப் போனார்.

படத்தின் பக்கத்தில் சின்ன அட்டை ஒட்டியிருந்தது. கட்டடம் இருக்கும் தெரு, காகிதத்தின் வகை, போலந்துக்காரரின் பேர். மூன்று தடவை படித்தேன். வகுப்பில் இங்கிலீஷ் வாசிப்பில் நான்தான் முதல், அதனால் தப்பாகப் படித்திருக்க வழியில்லை. அப்பாவின் பேர் இல்லை.

நேரே போய்ப் போலந்துக்காரரின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். “எங்க அப்பா பேரு எங்க?” என்று இங்கிலீஷில் கேட்டேன். அவர் குனிந்து, என் தோளில் கைவைத்து, மிகவும் அன்பாகச் சொன்னார்: “உன் அப்பாதான் என் ஸ்கேல்.”

கட்டடம் எவ்வளவு பெரியது என்று தெரிவதற்காகப் பக்கத்தில் ஓர் ஆளை நிறுத்துவது அவர் படித்த படிப்பின் வழக்கமாம். எனக்கு எங்கே தெரியும்? எங்கள் இந்தியப் பள்ளியில் ஸ்கேல் என்றால் நோட்டில் கோடு போடுகிற மரக்கட்டை. ஹிந்தி மிஸ் எங்கள் விரல்முட்டியில் அடிக்கிற சாமான். என் அப்பா அடிஸ்கேலா? காது மடல் சுட்டது. வளர்ந்தபின் சரியான அர்த்தம் தெரிந்தது. தெரிந்தும் கோபம் தணிந்ததா என்றால், எங்கே! கட்டடம் பெரிது என்று காட்ட என் அப்பாவைச் சின்னதாக்கி நிறுத்தியிருக்கிறார், அதுதானே அர்த்தம்?

வந்தவர்கள் கையெழுத்துப் போடும் மேசையில் தடிமனான கறுப்பு மார்க்கர் கிடந்தது. எடுத்து வந்து, அட்டைக்குக் கீழே வெள்ளைச் சுவரில் அப்பாவின் முழுப்பேரை எழுதினேன். மரியாதையாக இருக்கட்டும் என்று ‘ஃபோர்மேன்’ என்று சேர்த்தேன். கம்பெனி பேரையும் ஓரெழுத்து பிசகாமல் எழுதினேன். ‘வெள்ளிக்கிழமைதோறும் ஆர்கிடெக்ட் சாருக்குக் கேமரா தூக்குபவர் இவர்தான்’ என்று கடைசியில் ஒரு வரி, எல்லாம் அழகான இங்கிலீஷில்.

கூட்டம் சேர்ந்துவிட்டது. ஓர் அம்மாள் கைதட்டினாள். இரண்டு மூன்று பேர் கேமராவைத் தூக்கினார்கள். “பியூட்டிஃபுல்! அழிக்காதீர்கள், அப்படியே இருக்கட்டும்,” என்றார் போலந்துக்காரர்.

அப்பா ஜூஸோடு வந்தார். படித்தார். என்னைத் தூக்கித் தட்டாமாலை சுற்றப்போகிறார் என்று நான் கையை நீட்டினேன். அவர் டம்ளரைத் தரையில் வைத்தார். உள்ளங்கையில் எச்சிலைத் துப்பிச் சுவரைத் தேய்க்க ஆரம்பித்தார். “சாரி சார், சின்னப் பிள்ள. மாஃபி ஃபோட்டோ, ப்ளீஸ், மாஃபி ஃபோட்டோ,” என்று, படம் எடுக்க வேண்டாமென ஒவ்வொருவரையும் பார்த்துக் கெஞ்சிக்கொண்டே தேய்த்தார். கை போதாமல் சட்டைக் கையாலும் தேய்த்தார். போலந்துக்காரரும் கேமராவை எடுத்தபோது, “நோ சார்” என்றார். அப்பா அவரிடம் நோ சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான். அதற்குள் க்ளிக் சத்தம் கேட்டுவிட்டது. அந்தப் படமும் இப்போது புத்தகத்தில் இருக்கிறது. கறுப்பு அப்பிய ஒரு சுவர், அதன்மேல் ஒரு கை. அதற்கும் பேர் கிடையாது.

விசா கம்பெனியுடையது, அந்தக் கஃபீலை, அதாவது விசா கொடுத்த முதலாளியைத் தவிர வேறு யாருக்கு வேலை பார்த்தாலும் குற்றம், பிடிபட்டால் அப்பாவை ஏற்றி அனுப்பிவிடுவார்கள், பின்னாலேயே என் பள்ளிக்கூடமும் போகும் என்பதையெல்லாம் நான் கல்லூரி சேர்ந்தபிறகுதான் அம்மா சொன்னாள். பேர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதே அப்பாதானாம். சரி, அட்டைக்குப் போலந்துக்காரரை மன்னித்துவிடலாம். எல்லாம் தெரிந்த மனுஷன், ‘அப்படியே இருக்கட்டும்’ என்று எந்த வாயால் சொன்னார்? அப்பா ஊர் திரும்பிய பிறகுதானே புத்தகம் வந்தது, அதில் ஒரு வரி போட என்ன கேடு? தன் பேரைச் சுவரில் பார்த்ததும் ஒரு மனிதனுக்கு உயிர் போகிறது என்றால், அது என்ன சட்டம்?

அன்று பஸ்ஸில் நான் அப்பாவிடமிருந்து தள்ளி உட்கார்ந்தேன். “நீங்க பயந்தாங்கொள்ளி,” என்றேன்.

“ஆமா மக்களே, அப்பன் பயந்தாங்கொள்ளிதான்,” என்றார். “அம்மைட்ட சொல்லிராத, என்ன.”

அம்மா டூட்டி முடிந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் அப்பாவை அதட்டுவாள், போய் மறுபடி எழுதிவிட்டு வா என்பாள் என்று காத்திருந்தேன். அம்மாவோ அப்பாவை நாற்காலியில் உட்காரவைத்து, ஸ்பிரிட் பாட்டிலையும் பஞ்சையும் எடுத்துவந்து, அவருடைய உள்ளங்கையில் அப்பியிருந்த கறுப்பைத் துடைக்க ஆரம்பித்தாள். ரேகை ரேகையாக, நகக்கண்ணில்கூட மிச்சம் வைக்காமல் துடைத்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சுவரில் இருந்ததை அப்பா அழித்தார், கையில் இருப்பதை அம்மா அழிக்கிறாள், இந்த வீட்டில் அப்பாமேல் பாசம் உள்ளவள் நான் ஒருத்திதான் என்று முடிவு கட்டிக்கொண்டு, சாப்பிடாமல் போய்ப் படுத்தேன்.