கழுத்துப் பலகை

இதை எழுதலாமா வேண்டாமா என்று எத்தனையோ வருஷம் யோசித்துவிட்டேன். நோன்பிருக்கிற ஒவ்வொரு தபசு காலத்திலும் காகிதத்தை எடுப்பேன். தேவமாதாவை வேண்டிக்கொண்டு முதல் வரியை எழுதுவேன். பிறகு மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வேண்டும் என்று எழுந்து போய்விடுவேன். நான் பெரிய படிப்பாளி இல்லை. மதுரையில் மிஷன் விடுதியில் தங்கி நாலு வருஷம் இங்கிலீசு படித்தேன். அதை வைத்துக்கொண்டு ஊருக்கு வந்து வாத்தியார் ஆனேன்.

மலைமேல் அணை கட்டத் தொடங்கியிருந்த காலம் அது. கல்லையும் சுண்ணாம்பையும் எண்ணி எழுத, துரைமார் சொல்வதைக் கூலியாட்களுக்கு எடுத்துச் சொல்ல, கொஞ்சம் இங்கிலீசு தெரிந்தவர்கள் வேண்டியிருந்தது. ஆள் அனுப்பச் சொல்லி எங்கள் மாதா கோவில் பங்குச் சாமியாரிடம் கேட்டிருந்தார்கள். சாமியார் கோவிலை ஒட்டிய கூரைக் கொட்டகையைக் கொடுத்து, சொல்லிக்கொடுக்கிற பொறுப்பையும், யார் பேரை எழுதி அனுப்புவது என்கிற பொறுப்பையும் என்னிடமே விட்டுவிட்டார். கோம்பையிலிருந்தும் எங்கள் ஊரிலிருந்தும் பதினொரு பேர் வந்தார்கள். எல்லாரும் மீசை முளைத்தவர்கள், ஏர் பிடித்தவர்கள்.

அவர்களை அடக்கி வைக்க என்னால் முடியவில்லை. நான் ஒரு வாக்கியம் சொன்னால் அவர்கள் தமிழில் பத்துப் பேச்சுப் பேசுவார்கள். மாட்டுச் சந்தை, மழை, பெண் பார்த்த கதை. மதுரையில் எங்கள் வாத்தியார் செய்ததை நானும் செய்தேன். புளியமரத்துத் துண்டில் கையகலப் பலகை ஒன்று செதுக்கி, கயிறு கோத்து ஆணியில் மாட்டினேன். கொட்டகைக்குள் தமிழ் பேசுகிறவன் அதைக் கழுத்தில் போட்டுக்கொள்ள வேண்டும். அடுத்து எவன் தமிழ் பேசுகிறானோ அவன் கழுத்துக்கு அது போகும். பேச விரும்புகிறவன் எழுந்து நின்று, இங்கிலீசில் முழு வாக்கியமாகச் சொல்ல வேண்டும். ஒரே வாரத்தில் மூன்று தடவை பலகை வாங்கினால் மலைக்குப் போகிற பேர்களிலிருந்து அவன் பேரை அடித்துவிடுவேன். இந்தக் கடைசி விதி மதுரையில் இல்லை. நானாகச் சேர்த்தது.

முதலில் அதை விளையாட்டாக எடுத்துக்கொண்டார்கள். பக்கத்தில் இருப்பவனைக் கிள்ளி "ஐயோ" என்று சொல்ல வைப்பார்கள். ஒருநாள் ஆடு ஒன்று உள்ளே வந்துவிட்டது. அதை விரட்டியவனுக்குப் பலகை போயிற்று. "ஏலே, இனிமே ஆட்டுக்கும் இங்கிலீசு சொல்லிக் குடுத்துட்டு வா" என்று சிரித்தவனுக்கு அடுத்துப் போயிற்று. இரண்டு மாதத்தில் கொட்டகை அடங்கிவிட்டது. கோவிலுக்கு வருகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது.

அந்த வாரம் என் வீட்டுக்காரிக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். வியாழக்கிழமை காலையில் கொஞ்சம் தெளிந்த மாதிரி இருந்தாள். கஞ்சி குடித்தாள், போய் வரச் சொன்னாள். போனேன்.

எங்கள் அடுத்த வீட்டுப் பையனும் என்னிடம் படித்தான். வண்டிக்காரர் மகன், பதினெட்டு வயது. என் வீட்டுக்காரியை அக்கா என்று கூப்பிடுவான். அன்று அவன் பிந்தி வந்தான். வந்தவன் உட்காரவில்லை. "சார்" என்றான். முழு வாக்கியம் என்று இங்கிலீசில் சொன்னேன். அவன் உதடு அசைந்தது, சொல் வரவில்லை. ஆணியில் தொங்கிய பலகையைப் பார்த்தான். அந்த வாரம் ஏற்கெனவே இரண்டு தடவை அது அவன் கழுத்துக்குப் போயிருந்தது. உட்கார்ந்துவிட்டான். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி எழுந்தான். நான் அதையே சொன்னேன். மறுபடி உட்கார்ந்தான். சட்டத்துக்குப் பயந்து நடக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

பாடம் நடக்கும்போதே வெளியே சாமியாருடைய குதிரை போகிற சத்தம் கேட்டது. அன்று அவர் மலையடிவாரத்து ஊர்களுக்குப் போகிற நாள். வர இரண்டு நாளாகும்.

நடுப்பகல் செப மணி அடித்து எல்லாரும் வெளியே வந்ததும் அவன் ஓடி வந்தான்.

"ஐயா, அக்காவுக்கு ரொம்ப முடியல. சாமியாரக் கையோட கூட்டிட்டு ஒங்கள வரச் சொன்னாக."

எப்போது சொன்னாள் என்று கேட்டேன்.

"காலையில நான் கிளம்பும்போதே சொன்னாக."

"ஏன்லே சொல்லல?"

"இன்னொரு தடவ மாட்டுனா பேரு போயிரும்னீகளேய்யா."

குதிரை போன வழியில் அவனையே ஓடச் சொன்னேன். நான் வீட்டுக்குப் போனேன்.

அவளுக்கு நினைவு இருந்தது. "சாமியாரு வந்துட்டாகளா?" என்று கேட்டாள். வந்துகொண்டிருக்கிறார் என்றேன். மறுபடி கேட்டாள். மறுபடி அதையே சொன்னேன். பாவங்களுக்கு வருந்திச் சொல்கிற உத்தம மனஸ்தாப மந்திரத்தை அவள் காதில் சொன்னேன். பாதி வரைக்கும் கூடச் சொன்னாள். வெயில் தாழ்வதற்கு முன் போய்விட்டாள். சாகிறவர்களுக்குச் சாமியார் எண்ணெய் பூசிச் செபிக்கிற அவஸ்தைப் பூசுதல் இல்லாமல் போனாள். பையன் சாமியாருடன் திரும்பி வந்தபோது விளக்கு வைத்திருந்தோம்.

எனக்கு அழுகை வரவில்லை. அடக்கம் முடிந்தது, வந்தவர்களுக்குச் சோறு போட்டோம், கன்று பால் குடித்தது. எல்லாம் யாருக்கோ நடக்கிற மாதிரி இருந்தது. சாமியாரிடம் எல்லாவற்றையும் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தேன். தெரிந்து செய்யாதது பாவமாகாது, ஆண்டவர் அவள் மனதை அறிவார் என்றார். அதை நம்புகிறேன். நம்பிய பிறகும் ஒன்றும் மாறவில்லை.

எட்டாம் நாள் கொட்டகைக்குப் போனேன். எல்லாரும் வந்திருந்தார்கள். அந்தப் பையன் எழுந்து, ஆணியிலிருந்து பலகையை எடுத்துத் தானே கழுத்தில் போட்டுக்கொண்டு நின்றான்.

"கழட்டு" என்றேன்.

தமிழில்தான் சொன்னேன். விதிப்படி அது என் கழுத்துக்கு வர வேண்டும். யாரும் சிரிக்கவில்லை. அவன் கழற்றி என் கையில் கொடுத்தான். அன்றைய பாடத்தை நடத்தினேன்.

அதற்குப் பிறகு அதை யாருக்கும் மாட்டவில்லை. சத்தம் திரும்ப வந்தது. அவர்கள் இங்கிலீசு படித்தது அதனால் ஒன்றும் குறையவில்லை. அவன் பேரை முதல் பேராக எழுதி அனுப்பினேன், மலைக்குப் போனான். அணைத் தண்ணீர் இப்போது எங்கள் வயலுக்கும் வருகிறது. பலகையைக் கயிறு அறுத்துத் தண்ணீர்ப் பானைக்கு மூடியாகப் போட்டிருக்கிறேன். தினமும் எடுத்து வைக்கிறேன்.

ஊரில் இந்தக் கதையை இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். அவள் பூசுதல் பெற்றுத்தான் போனாள் என்று சிலர். அந்தப் பையன் வாயடைத்து உட்கார்ந்து கெடுத்தான் என்று சிலர். அவனுக்கு இப்போது பிள்ளைகள் இருக்கிறார்கள். இதை வாசிக்கிறவர்கள் யாரிடம் சொன்னாலும் நான் எழுதியபடியே சொல்லுங்கள். அவள் கேட்டாள், சாமியார் வரவில்லை. அவன் இரண்டு தடவை எழுந்து நின்றான். உட்கார வைத்தது நான்.