நம்பர்க்காரரும் அவர் மனைவியின் மயக்கமும்

ஆபரேஷன் தியேட்டரில் அவருக்கு நம்பர்க்காரர் என்று பெயர். லாட்டரிச் சீட்டுக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. மயக்க மருந்து டாக்டருக்குப் பக்கத்தில் நிற்கும் டெக்னீஷியன் அவர். நோயாளியின் நெற்றியை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்து, ஈரம் காய்ந்ததும் ஒரு பட்டையை ஒட்டுவார். நெற்றி நடுவில் ஒரு வட்டம், புருவத்துக்கு மேலே ஒன்று, காதோரப் பொட்டில் ஒன்று. ஒவ்வொன்றையும் விரலால் அழுத்திப் பிடிப்பார். மூளையில் ஓடும் மின்சாரத்தை அந்தப் பட்டை வாங்கி அனுப்ப, திரை அதை ஒரே எண்ணாக்கிக் காட்டும். முழித்திருப்பவருக்கு அது நூற்றை ஒட்டி இருக்கும். நாற்பதுக்கும் அறுபதுக்கும் நடுவில் நின்றால் கத்தி வைக்கலாம். அறுபதைத் தாண்டினால் ஆள் முழிப்பை நோக்கி வருகிறாரோ என்று கவலைப்பட வேண்டும்.

அந்த எண்ணைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துச் சொல்வதுதான் வேலை. அதற்கு மேல் வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் அவருக்கு. நர்சுகள் சும்மா விடுவார்களா? "நம்பர்க்காரரே, நிர்வாகி மீட்டிங்ல எங்க எல்லாருக்கும் அதை ஒட்டிப் பாருங்க. ஒருத்தருக்கும் நாப்பதைத் தாண்டாது!" அவர் அசடு வழியச் சிரித்துவிட்டு ஒயரைச் சுருட்டி வைப்பார்.

வீட்டிலும் அதிகம் பேச்சில்லை. அதற்குக் காரணம் வேறு.

கல்யாணமான புதிதில் மனைவிக்குக் குடல்வால் வெடித்து, கிடைத்த ஆஸ்பத்திரியில் அவசரமாக அறுத்தார்கள். அவர் வேலை செய்யும் இடம் இல்லை அது. இந்தத் திரையெல்லாம் அங்கே கிடையாது. மறுநாள் அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"எனக்கு நடுவுல முழிப்பு வந்துடுச்சுங்க. அறுக்கறது தெரிஞ்சுது. கத்தணும்னு பாக்கறேன், ஒரு விரலக்கூட அசைக்க முடியல."

தூங்க வைக்க ஒரு மருந்து, உடம்பு அசையாமல் இருக்க வேறொரு மருந்து என்பது அவருக்குத் தெரியாததா? முதலாவது குறைந்து, இரண்டாவது மட்டும் வேலை செய்தால் என்ன ஆகும் என்பதும் தெரியும். இருந்தும், வார்டில் பலருக்குச் சொல்லிப் பழகிய வாக்கியம் கிளிப்பிள்ளை போல வந்து விழுந்தது. "மயக்க மருந்துல அப்படிக் கனவு வரும்மா. பெருசா எடுத்துக்காத."

அடுத்த வாரமும் சொன்னாள். அவரும் அதையே சொன்னார். அதன்பிறகு அவள் சொல்லவில்லை. சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை. வேளாவேளைக்குச் சாப்பாடு வைத்தாள், சட்டைகளைத் தேய்த்து மாட்டினாள். படுக்கையறைக் கதவை மட்டும் மூட விடமாட்டாள்; போர்வையைக் கழுத்துவரை இழுக்கமாட்டாள். அந்த வீட்டில் ஏதோ ஒரு இடம் மரத்துப்போயிற்று. இருவரும் அதைத் தொடாமலே சுற்றி நடந்து பழகிவிட்டார்கள். அதைத்தான் அவர் நிம்மதி என்று நினைத்துக்கொண்டிருந்தார், பாவம்.

பல வருஷம் கழித்து அவளுக்குக் கர்ப்பப்பையில் கட்டி வந்தது. ரத்தம் போய்ப் போய் முகம் வெளுத்து, மாடிப்படி ஏறினால் அவளுக்கு மூச்சு வாங்கியது. ஆபரேஷன் என்றதும், தலைகீழாக நின்றாலும் நடக்காது என்றுவிட்டாள். அவள் தங்கை வந்து கெஞ்சினாள்.

"அக்கா, இப்படியே விட்டா நீ எங்களுக்கு இருக்க மாட்ட. மாமா, நீங்களாவது வாயத் திறந்து சொல்லுங்களேன்."

மாமா வாயைத் திறப்பதற்குள் அக்காவே சொன்னாள். "இவர் உள்ள நிக்கட்டும். அந்த நம்பரையே பாத்துக்கிட்டு நிக்கட்டும். அப்படின்னா வரேன்."

அவர் வேலை செய்யும் ஆஸ்பத்திரியிலேயே ஏற்பாடு; அங்கே சொந்தக்காரர்களை உள்ளே விடுவதில்லை. மயக்க டாக்டரம்மா அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நில்லுங்க. ஆனா புருஷனா நிக்காதீங்க, டெக்னீஷியனா நில்லுங்க," என்றார். அவருக்கு அது சுலபமாகத்தான் பட்டது. இந்த முறை அவள் நல்லபடியாகத் தூங்கி எழுந்துவிட்டால், பழையது தானாகக் கரைந்துபோகும் என்று ஒரு நப்பாசை. கட்டி போகவேண்டும் என்பதைவிட அந்தப் பழைய கதை ஒழியவேண்டும் என்றுதான் அதிகம் வேண்டிக்கொண்டார். கேட்க அசிங்கமாக இருக்கிறது, ஆனால் உண்மை.

மனைவியின் நெற்றியைத் துடைக்கும்போது அவருக்கு எதுவுமே தோன்றவில்லை. யாரோ ஒருத்தியின் நெற்றி. ஒட்டினார், அழுத்தினார். தொண்ணூற்றேழு. முகமூடி வைத்தார்கள், மருந்து ஏறியது, எண் சரசரவென்று இறங்கி நாற்பத்தைந்தில் வந்து உட்கார்ந்தது.

பாதி ஆபரேஷனில் அது நகர்ந்தது. ஐம்பத்திரண்டு. ஐம்பத்தெட்டு. ரத்தக்குழாயைச் சுடும் கருவியின் மின்சாரம் சிலசமயம் எண்ணைக் குழப்பிவிடும். அதுவாகத்தான் இருக்கும் என்று நினைத்தார். கருவியை நிறுத்திய பிறகும் இறங்கவில்லை. அறுபத்துமூன்று. எண்ணைச் சொல்வதுதானே அவர் வேலை? நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. டாக்டரம்மாவே திரையைப் பார்த்துவிட்டு மயக்க வாயுவின் குமிழைத் திருப்பினார், ஊசியிலும் கொஞ்சம் மருந்து ஏற்றினார். எண் மெதுவாக இறங்கியது.

"பேரு மட்டும் நம்பர்க்காரர்," என்று முணுமுணுத்தார் டாக்டரம்மா.

அந்தக் கொஞ்ச நேரத்தில் அவள் முழித்திருந்தாளா? சாயங்காலம் வார்டில் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். கேட்கவும் பயம், கேட்காமல் இருக்கவும் முடியவில்லை.

"உள்ள... ஏதாவது கேட்டுச்சா?"

"இல்லங்க."

"வலி?"

"ஒண்ணுமே இல்ல. முகமூடி வெச்சாங்க, கண்ணத் திறந்தா இங்க இருக்கேன். நடுவுல ஒரு கனவுகூட இல்ல."

அவருக்கு அப்பாடா என்று இருந்தது. முதுகைச் சாய்த்து, "பாத்தியா, நான்தான் சொன்னேனே," என்றுகூடச் சொல்லிவிட்டார். மனுஷனுக்கு நேரம் காலம் தெரியாது.

அவள் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மயக்கம்னா இதுதானா?"

"இதுதான்."

"அப்போ அன்னைக்கு நான் தூங்கவே இல்ல." குரலில் கோபம் இல்லை. "நீங்க சொல்லிச் சொல்லி, கனவுதானோன்னு நானும் பாதி நம்பிட்டேன்."

பழகிய வாக்கியம் தொண்டைவரை வந்தது. அங்கேயே நின்றுவிட்டது. பட்டை ஒட்டியிருந்த இடத்தில் அவள் நெற்றி சிவந்திருந்தது.

"ரொம்ப வலிச்சுதா?" என்றார். இத்தனை வருஷத்தில் அவர் ஒருமுறைகூடக் கேட்டிராத கேள்வி அது.

"வலிச்சுது," என்றாள். "உள்ளுக்குள்ள உங்களத்தான் கூப்பிட்டுக்கிட்டே இருந்தேன்."