கை சும்மா இருந்த மாதா

சூளைக் கதவைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டவை அந்தக் கால்கள்தான். கொழுகொழுவென்று இரண்டு குட்டிக் கால்கள். நான் செய்த மாதாவின் கைகளில், நான் செய்யாத ஒரு குழந்தை படுத்திருந்தது.

விருத்தாசலம் பீங்கான் பேட்டையில் ஒரு பொம்மைக் கொட்டகையின் மூலையை வாடகைக்கு எடுத்திருந்தேன். நான் செய்வது மஜோலிக்கா, இத்தாலிக்காரர்களின் வேலை. செம்மண் உருவத்துக்கு, சூட்டில் கண்ணாடிபோல் உருகிப் படிகிற வெள்ளைக் கிளேஸ் பூசி, அதன்மேல் நீலமும் மஞ்சளும் தீட்டிச் சுடுவார்கள். நீல முக்காடும் மடியில் குழந்தையுமாக மாதா சிலைகள் அதில் ஏராளம். என் மாதாவுக்கு முக்காடு இல்லை. பெண்ணாடத்துக் கரும்புக் கொல்லையில் பெண்கள் கட்டுகிற தலைத்துண்டுதான். ஏந்திய கைகளில் ஒன்றுமில்லை. கேட்டவர்களிடம் நவீன பாணி என்றேன். பாணியாவது மண்ணாவது! பேர் வைக்கும் முன்பே போய்விட்ட என் மகளுக்காகச் செய்தது அது. யாரிடமும் சொன்னதில்லை; சொல்ல ஆளும் இல்லை.

அங்கே சூளை அடுக்குகிறவரை எல்லோரும் அக்கா என்போம். தலை, கை, கால் எல்லாம் தனித்தனி அச்சில் வார்த்து ஒட்டுகிற இடம் அது. எந்தப் பொம்மைக்கு எது விட்டுப்போயிருக்கிறது என்று பார்த்துச் சரிசெய்யாமல் அக்கா அடுக்கமாட்டார். ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவர் வேறு. நான் காய்ச்சலில் படுத்திருந்த அன்று என் சிலையை அடுக்கியவர், கிறிஸ்துமஸ் குடிலுக்காகக் கிளேஸ் பூசி வைத்திருந்த குழந்தை சேசு ஒன்றை எடுத்து அந்தக் கைகளில் கிடத்திவிட்டார். சூட்டில் கிளேஸ் உருகி, கையும் குழந்தையும் ஒன்றாக ஒட்டிக்கொண்டன.

"யாரைக் கேட்டு வச்சீங்க?" என்று கத்தினேன்.

"கை சும்மா இருந்துச்சேம்மா. நீ மறந்துட்டன்னு நெனச்சேன்."

"மறக்கலக்கா. எம் புள்ள செத்துப்போச்சு!"

வாயிலிருந்து வந்த பிறகுதான் என்ன சொன்னேன் என்பதே எனக்கு உறைத்தது. அக்கா சிலையை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "அடிப்பாவி, இத்தனை நாளா இதை ஒண்டியாவா வச்சிக்கிட்டு இருந்த?" என்று என் தலையை இழுத்துத் தம் தோளில் சாய்த்துக்கொண்டார். கொட்டகையே பார்க்க அழுது தீர்த்தேன். பிறகு உளியைக் கொண்டுவந்து, "ஒடச்சு எடுத்துடட்டுமா?" என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சென்னைக் கண்காட்சிக்கும் அதை அனுப்பவில்லை.

போன மழைக்காலத்தில் அக்கா மகனோடு திருப்பூர் போய்விட்டார். கண்காட்சிக்காரர்கள் மறுபடியும் கேட்டதால் இன்னொரு மாதா செய்தேன். அதே தலைத்துண்டு, அதே வெறுங்கை. இந்த முறை நானே அடுக்கினேன். இன்று காலை சூளையைத் திறந்தால், நினைத்தபடியே கீறல் இல்லாமல் வந்திருக்கிறது. கொட்டகை ஆட்கள் வந்து பார்த்தார்கள். "நல்லா இருக்குது மேடம்" என்றார்கள். டீ குடிக்கப் போய்விட்டார்கள். கை ஏன் சும்மா இருக்குது என்று ஒருவரும் கேட்கவில்லை.