கோப்பைக்கு அடித்த பலகை

வெள்ளத்தாய் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கண் கலங்கவில்லை. இத்தனை வருஷம் மெஸ் நடத்துகிறவளின் கண்ணிடம் வெங்காயம் எப்போதோ தோற்றுப்போயிருந்தது. கை உரிக்க உரிக்க, பார்வை மட்டும் கல்லாவுக்கு மேலே இருந்த பலகைக்குப் போய்ப் போய் வந்தது.

தச்சரை அழைத்து அவளே அடிக்கச் சொன்ன பலகை அது. ராஜபாளையத்துப் பஞ்சாலைப் பையன்களின் கால்பந்து அணி லீக் கோப்பையை வாங்கினால் அங்கேதான் வைப்பதாக கேப்டன் ஆல்வின் வாக்குக் கொடுத்திருந்தான். அதுவரை இடம் சும்மா கிடப்பானேன் என்று நார்த்தங்காய் ஊறுகாய் ஜாடியை ஏற்றி வைத்திருந்தாள். கோப்பை வந்தபாடில்லை. சாப்பிட வருகிறவர்கள் ஜாடியைக் காட்டி, இந்த வருஷக் கப்பில் உப்புச் சரியாக இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் கை கழுவுவார்கள். அந்தக் கேலிக்கு இன்று முடிவு கட்டிவிடலாம் என்று காலையிலேயே ஜாடியை இறக்கிப் பலகையைத் துடைத்திருந்தாள்.

நம்பிக்கைக்குக் காரணம் இருந்தது. இவர்களும் ஸ்ரீவில்லிபுத்தூர் அணியும் ஒரே புள்ளி; கோல் கணக்கில் இவர்கள் ஒரு படி மேலே. கடைசி ஆட்டம் இன்று சாயங்காலம் அவர்கள் ஊரில். தோற்காமல் வந்தாலே கோப்பை.

ஆனால் இந்த அணியை நம்பி உலை வைக்க முடியாது. ஒரு ஞாயிறு புலி, மறு ஞாயிறு பூனை. சோழபுரத்து அணியை ஓட ஓட விரட்டியவர்கள், மறு வாரமே பட்டியலின் அடியில் கிடந்த சுந்தரபாண்டியத்திடம் நின்ற இடத்தில் நின்று தோற்றார்கள். ஆல்வின் தேவாலயத்தில் மெழுகுவர்த்தி ஏற்றிப் பார்த்தான். கோல்கீப்பர் ஜெர்சியைத் துவைப்பதை நிறுத்தினான். அதில் கொஞ்சம் பலன் தெரிந்தது. எதிரணி கோல் பக்கம் வரவே யோசித்தது.

ஆட்ட நாளில் மத்தியானச் சாப்பாடு வெள்ளத்தாய் கையால்தான். அதற்கு அவள் ஒரு நியாயம் வைத்திருந்தாள். போன வாரம் ஜெயித்திருந்தால் ஆட்டுக்கறி, பையன்கள் போதுமென்று கும்பிடும்வரை. தோற்றிருந்தால் கஞ்சியும் துவையலும். போன வாரம் ஜெயித்திருந்தார்கள். அதனால்தான் இத்தனை வெங்காயம்.

ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வுபெற்ற கிருபாபாய் எதிரே உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி வெள்ளத்தாயி, கறி தின்ன அன்னிக்கு உன் பிள்ளைக ஒரு தடவையாவது ஜெயிச்சிருக்கா?"

வெள்ளத்தாயின் விரல் நின்றது.

"ஜெயிச்சா கறி போடுத, கறி தின்னுட்டுத் தோக்கான். தோத்தா கஞ்சி ஊத்துத, கஞ்சி குடிச்சிட்டு ஜெயிக்கான். வயித்துல ஆட்டை வச்சிக்கிட்டு எவன் ஓடுவான்?"

ஒவ்வொரு ஞாயிறாக நினைத்துப் பார்த்தாள். ஒன்றுகூடத் தப்பவில்லை. உரித்த வெங்காயத்தை மூடி வைத்துவிட்டு அடுப்பில் கஞ்சியை ஏற்றினாள்.

மத்தியானம் வந்த பையன்கள் மூக்கை நீட்டிக் கறி வாசனையைத் தேடினார்கள்.

"யக்கா, நாங்க போன வாரம் ஜெயிச்சோம்," என்றான் ஆல்வின்.

"தெரியும்லே. குடி."

ஜெயித்ததற்கா தண்டனை என்று முனகிக்கொண்டு பாதிக் கஞ்சியை வைத்துவிட்டு எழுந்தார்கள். அவளும் காரணம் சொல்லவில்லை. மெஸ்ஸைப் பூட்டிவிட்டு கிருபாபாயோடு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறினாள்.

முதல் பாதியில் பையன்கள் மான் மாதிரி ஓடினார்கள். ஆல்வின் ஒரு கோலும் போட்டான். வெள்ளத்தாய் மனசுக்குள் கோப்பையை விளக்கி, பலகையில் வைத்து, பொட்டும் வைத்துவிட்டாள்.

இடைவேளை வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் அணியின் செயலாளர் வேங்கடேசன் உபசாரத்தில் குறை வைக்காத மனிதர். வந்த அணிக்கு இடைவேளையில் சூடாகப் பால்கோவா கொடுப்பது அவர் வழக்கம். அதில் சூதுவாது கிடையாது. மற்ற அணிகள் மரியாதைக்கு ஒரு விள்ளல் எடுத்துக்கொள்ளும். இவர்களோ கஞ்சிக் கோபத்தையும் சேர்த்துத் தின்றார்கள். மைதானத்தின் மறுகோடியில் இருந்த வெள்ளத்தாய், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடி வந்து சேர்ந்தபோது வாழையிலை மட்டும் மிச்சம் இருந்தது.

இரண்டாம் பாதியில் பந்து ஓடியது, பையன்கள் வேடிக்கை பார்த்தார்கள். ஆல்வின் விலாவைப் பிடித்துக்கொண்டு நடந்தான். இரண்டு கோல் வாங்கினார்கள். கோப்பை அந்த ஊரிலேயே தங்கிவிட்டது.

வேங்கடேசன் அவளிடம் வந்து கைகூப்பினார். "குழந்தைகள் ஆசையாச் சாப்பிட்டாம்மா. எனக்குப் பரம திருப்தி."

திரும்பும் பஸ்ஸில் ஆல்வின் முன்சீட்டுக் கம்பியையே பார்த்துக்கொண்டு வந்தான். "பசிச்சுச்சுக்கா," என்றான் கடைசியில்.

அவள் பதில் சொல்வதற்குள் கிருபாபாய் முந்திக்கொண்டாள்.

"அவன என்னத்துக்கு மொறைக்க? ஏன்னு சொல்லாமப் பத்தியம் போட்டா எந்த நோயாளியும் திருடித்தான் திம்பான்."

மறுநாள் காலை, முதல் ஷிப்டுக்கு முன்னால் பையன்கள் வந்தார்கள். தோற்றவர்களின் விதி தெரிந்தவர்கள். கஞ்சிக் கும்பாக்களை அவர்களே எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். வெள்ளத்தாய் கும்பாக்களைப் பிடுங்கி ஓரம் வைத்துவிட்டு இலை போட்டாள். முந்தின நாள் உரித்த வெங்காயமெல்லாம் கறிக்குழம்பில் இருந்தது. பரிமாறிக்கொண்டே நேற்று கஞ்சி ஊற்றிய காரணத்தைச் சொன்னாள். இனி கறி ஆட்டம் முடிந்த மறுநாள்தான், ஜெயித்தாலும் தோற்றாலும் என்றாள். பிறகு ஸ்டூலில் ஏறி, ஊறுகாய் ஜாடியைப் பலகையில் திரும்ப வைத்தாள்.