மூன்றாவது பெட்டி

காலை ஒன்பது பத்து. அறைக்குள் நுழைந்ததும் முதலில் பார்த்தது அவருடைய நாற்காலி. மேசைக்கு அடியில் முழுவதும் தள்ளி விடப்பட்டிருந்தது. அவர் ஒருநாளும் அப்படி விட்டுப் போனதில்லை. எழுந்த வேகத்தில் பாதி திரும்பி வழியில் நிற்கும் அந்த நாற்காலியைச் சுற்றிக்கொண்டுதான் நான் என் இடத்துக்குப் போவேன். அந்தத் திங்கட்கிழமை நேராகப் போனேன்.

2008-ன் கடைசி. சென்னையில் ஓர் ஆங்கில நாளிதழின் செய்தி மேசையில் பதினோரு ஆண்டுகள் பிழை திருத்திவிட்டு, ஹைதராபாதில் கணினிவழிப் பாடங்கள் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தில் சேர்ந்திருந்தேன். வீடு கொண்டாப்பூரில். அலுவலகம் ஷேர் ஆட்டோவில் போகிற தூரம். அமெரிக்காவில் ஸ்பானிஷ் கற்பவர்களுக்கான பாடங்களை எங்கள் அணி செய்தது. எழுதுபவர் அவர். சரிபார்ப்பவன் நான். எனக்கு ஸ்பானிஷ் தெரியாது. தெரிய வேண்டியதில்லை என்று சொல்லித்தான் எடுத்தார்கள். ஆங்கில விளக்கம், எழுத்துரு, படிவத்தின் ஒழுங்கு, இவை மட்டும் என் பொறுப்பு.

அவர் செகந்திராபாத் தமிழர். இரண்டு தலைமுறைக்கு முன் ரயில்வே பணிமனை வேலைக்கு வந்த குடும்பம். அப்பாவும் அங்கேயே ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்று அல்வாலில் வீடு கட்டியிருந்தார். இவர் எங்கள் நிறுவனத்தில் ஆறு மாதத் தகுதிகாண் காலத்தில் இருந்தார். வேலை நிரந்தரமானால் பெற்றோருக்கும் மருத்துவக் காப்பீடு உண்டு. அப்பாவுக்கு இரண்டு முழங்கால்களிலும் மாற்று அறுவை செய்ய வேண்டியிருந்தது. இதை அவர் வருத்தமாகச் சொல்லி நான் கேட்டதில்லை. மேசைக் காலண்டரில் நிரந்தரமாகும் தேதியைச் சுற்றி வட்டம் போட்டு, பக்கத்தில் ‘முட்டி’ என்று எழுதி வைத்திருந்தார்.

பதினேழாவது பாடம் சுட்டுச்சொற்கள். ஆங்கிலத்தில் அதற்கு இரண்டே இடங்கள்: பக்கம், தூரம். வாடிக்கையாளர் அனுப்பிய படிவத்திலும் இரண்டு பெட்டிகள்தான். அவர் மூன்றாவதாக ஒன்றை வரைந்திருந்தார். ஏன் என்று கேட்கப் போனேன்.

தன் ஃபிளாஸ்க்கைத் தொட்டு ‘எஸ்தே’ என்றார். என் கையிலிருந்த மூக்குக்கண்ணாடிக் கூட்டைக் காட்டி ‘எஸே’. அறையின் மறுகோடியில் தூணில் மாட்டியிருந்த தீயணைப்புக் கருவியைக் காட்டி ‘அக்கெல்’. பிறகு மேசையைத் தட்டி ‘எஸ்தா’ என்றார். ஸ்பானிஷில் மேசை பெண்பால், அதனால் சுட்டும் சொல்லும் மாறும். பெயர் தெரியாத ஒன்றைக் காட்டினால் பால் இல்லாமல் ‘எஸ்தோ’.

“எனக்குப் பக்கத்துல இருக்கறது ஒண்ணு, உங்களுக்குப் பக்கத்துல இருக்கறது ஒண்ணு, ரெண்டு பேருக்கும் தூரமா இருக்கறது ஒண்ணு. இங்கிலீஷ்காரங்க அந்த நடுவுல இருக்கறதத்தான் கோட்டை விடுவாங்க சார். ரெண்டு பெட்டி போட்டா அந்தத் தப்ப நாமளே சொல்லிக்குடுத்த மாதிரி ஆயிடும்.”

அவர் சொன்னது சரி என்று எனக்கு அப்போதே தெரியும். நாளிதழில் என்னோடு யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் வேலை பார்த்தார். என் மேசையில் இருக்கும் தாளை அவர் ‘உந்தப் பேப்பர்’ என்றுதான் கேட்பார். ‘இந்த’வுக்கும் ‘அந்த’வுக்கும் நடுவில் நாங்கள் தொலைத்துவிட்ட இடத்தை அவர் வைத்திருந்தார். பாடம் எழுதியவரிடம் இதைச் சொன்னபோது ‘உந்த, உந்த’ என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்துச் சிரித்தார். நான் என் இடத்துக்குத் திரும்பி, பிழைத் தாளில் ஒரு வரி சேர்த்தேன்: ‘பாடம் 17, படிவத்திலிருந்து விலகல், ஒரு பெட்டி கூடுதல்.’

பிழைத் தாள் என்பது கணினியில் இருக்கும் ஓர் அட்டவணை. எழுதுபவர் ஒவ்வொருவருக்கும் ஒன்று. கண்ணில் பட்ட எல்லாவற்றையும் நான் அதில் எழுதினேன். காற்புள்ளி விட்டுப்போனது, இரட்டை இடைவெளி, தலைப்பில் சிறிய எழுத்து. செய்தி மேசையில் அப்படித்தான் பழக்கம். மூத்த நிருபரின் பக்கத்திலும் சிவப்புக் கோடுகள் நிறைந்திருக்கும், அவர் அதைப் பார்த்து டீ குடிப்பார். பக்கம் அச்சுக்குப் போனதும் திருத்திய தாள் கூடைக்குப் போகும். கோடுகள் எத்தனை என்று யாரும் கேட்டதில்லை.

இங்கே மற்றவர்கள் வேறு விதமாகச் செய்தார்கள். பக்கத்து அணியின் சரிபார்ப்பாளர், தெலுங்குக்காரர், பிழை கண்டால் எழுந்து போய் எழுதியவரின் நாற்காலிக்குப் பின்னால் நின்று வாயால் சொல்வார். உடனே திருத்திவிடுவார்கள். எல்லாம் முடிந்தபின் பேருக்கு இரண்டு மூன்று வரிகள் தாளில் ஏறும். அதை நான் சோம்பல் என்று நினைத்தேன்.

அவர் என்னைக் கேலி செய்வதுண்டு, ‘ஏன்’ என்பதற்கு ஹைதராபாத் உருதுவின் ‘கைக்கு’வைப் போட்டு. “கைக்கு சார் இவ்ளோ எழுதறீங்க? வீட்டுல சாம்பார்ல உப்பு கம்மின்னாலும் தாள்ல போட்டுடுவீங்களா?” போட்டிருக்கிறேன் என்றேன். அந்த அளவில் சிரித்தோம்.

அது அமெரிக்க வங்கிகள் ஒவ்வொன்றாக விழுந்த சமயம். ஒரு வியாழக்கிழமை மதியம் மேலாளர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். தகுதிகாண் காலத்தில் இருந்த ஐந்து பேரில் இருவரை மட்டும் வைத்துக்கொள்ள மேலிடம் சொல்லியிருப்பதாகச் சொன்னார். ஐந்து தாள்களையும் அச்செடுத்து வைத்திருந்தார். மற்ற சரிபார்ப்பாளர்கள் பார்த்த நான்கு பேருடையது ஒரே பக்கத்தில் பாதிகூட நிரம்பவில்லை. அவருடையது இரண்டு பக்கம், நாற்பத்தொரு வரிகள். அதை என் பக்கம் திருப்பி வைத்து, இதில் தவறாகப் பதிந்தது ஏதாவது உண்டா என்று கேட்டார்.

நாற்பத்தொன்றையும் படித்தேன். அவசரப்படவில்லை. ஒவ்வொரு வரியும் சரியாகவே இருந்தது. இல்லை என்றேன்.

என்னிடம் இன்னொரு வாக்கியமும் இருந்தது: மற்றவர்கள் வாயால் சொன்னதை நான் எழுதினேன். கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை என்று தோன்றியது. மேலாளர் நன்றி சொன்னார். கீழே போய் டீ குடித்தேன். பசித்தது. ஒரு உஸ்மானியா பிஸ்கட்டும் வாங்கிச் சாப்பிட்டேன்.

வெள்ளி மாலை நாலு மணிக்கு அவரைக் கூப்பிட்டு, அன்றோடு வேலை முடிந்தது என்று சொன்னார்கள். திரும்பி வந்து என் மேசைக்குப் பக்கத்தில் நின்றார். கையில் அந்த இரண்டு பக்கங்கள்.

“தாள்ல இருக்கறது எல்லாம் சரின்னு சொன்னீங்களாமே சார்.”

“ஆமா.”

“சரிதான். நானும் பார்த்தேன். ஒண்ணுகூட தப்பில்ல.”

மேலாளரிடம் பேசிப் பார்ப்பதாகச் சொன்னேன். என் குரல் எனக்கே பக்கத்து மேசையிலிருந்து வருவது போல இருந்தது.

“நக்கோ சார், வேணாம் விடுங்க,” என்றார். காலண்டரை எடுத்துப் பைக்குள் வைத்தார். ஃபிளாஸ்க்கைக் கழுவிக்கொண்டு வந்தார். நான் ஐந்தரைக்குக் கிளம்பியபோது அவர் இன்னும் கணினியில் ஏதோ முடித்துக்கொண்டிருந்தார். நாற்காலியைத் தள்ளி வைத்தது அதற்குப் பிறகாகத்தான் இருக்க வேண்டும்.

மூன்று வாரம் கழித்து வாடிக்கையாளரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. பதினேழாவது பாடத்தின் மூன்றாவது பெட்டி நன்றாக இருக்கிறது, படிவத்தையே மாற்றிக்கொள்கிறோம் என்று எழுதியிருந்தார்கள். நான் மேலாளரிடம் போய் அந்த ஒரு வரியையாவது தாளிலிருந்து நீக்கச் சொன்னேன். காலாண்டு முடிந்து தாள்கள் பூட்டப்பட்டுவிட்டன, திறக்க முடியாது என்றார். நான் வற்புறுத்தவில்லை. நீக்கினால் நாற்பது வரிகள் மிச்சம் இருக்கும்.

பிப்ரவரியில் அவர் அனுபவச் சான்றிதழ் வாங்க வந்தார். வரவேற்பு மேசை அருகில் பார்த்தேன். அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார் என்றார். ஒரு பள்ளியில் ஆங்கிலம் எடுப்பதாகவும் சொன்னார். லிஃப்ட் வந்தது, போனார்.

புதிதாகச் சேர்பவர்களுக்கு மாதிரியாகக் காட்ட ஒரு பாடம் தேவைப்பட்டபோது பதினேழாவதைத் தேர்ந்தெடுத்தார்கள். முதல் திரையில் தயாரித்தவர் பெயர் வரும். பணியில் இருப்பவர்களின் பெயரை மட்டுமே போடலாம் என்பது விதி. அங்கே என் பெயர் இருந்தது.