கலப்புப் பூனை வளர்த்தவன் நான்தான்

கரும்பாறையை உடைத்துத் தோண்டிய கிணறு, மக்காச்சோளத்துக்கு மூன்று குடோன், கல்வராயன் மலையடிவாரத்தில் யாரும் வேண்டாம் என்று விட்ட முள்காட்டில் எட்டு ஏக்கர் கரும்பு. மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்ட நான் தனி ஆளாகச் செய்தவை இவை. பாறையில் தண்ணீர் வராது என்றார்கள், வந்தது. இதற்கெல்லாம் யாரிடமும் பாராட்டு கேட்டு நின்றதில்லை. ஆனால் எங்கள் பக்கத்துக் காட்டுப்பூனைகளைப் பற்றி இப்போது ஒரு சிறு புத்தகம் அச்சாகி வந்திருக்கிறது. அதில் என்னைப் பற்றி ஒரு வரி இல்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

குடோன் என்றால் எலி. வீட்டுப்பூனை பால்சோற்றுக்குப் பழகியது, பெருச்சாளியைக் கண்டால் ஒதுங்கிவிடும். கரும்புக்குள் திரியும் காட்டுப்பூனை அப்படியில்லை. நீளக் கால், குட்டை வால், காது நுனியில் கறுப்பு மயிர். பசுவை நல்ல காளையிடம் ஓட்டிப் போகிறோமே, பூனைக்கு ஏன் கூடாது என்று எனக்குத் தோன்றியது. என் பெட்டைப் பூனை பருவத்துக்குக் கத்தத் தொடங்கியதும் அதைக் கொண்டுபோய்க் கரும்பு ஓரத்து மோட்டார் கொட்டகையில் விட்டேன். சோறும் கருவாடும் அங்கேயே வைத்தேன். மூன்றாவது ஈற்றில் நீளக் கால் குட்டிகள் பிறந்தன. அவை இருந்த குடோனில் எலி தங்கவில்லை. அடிவாரம் முழுக்கக் கொடுத்தேன். சின்னசேலத்திலிருந்துகூட வியாபாரிகள் வந்து குட்டி கேட்டார்கள்.

அப்போதுதான் ஆராய்ச்சி செய்கிற ஒரு திருக்கோவிலூர்ப் பெண் வந்தார். வரப்பில் குனிந்து பூனையின் எச்சத்தைச் சின்னக் குப்பியில் எடுத்துக்கொண்டிருந்தார்.

“இன்னாம்மா, இதப் போய் பொறுக்கிக்கினு கீற?” என்றேன்.

“இதுலயே அதோட பரம்பரையைப் படிச்சிடலாங்கய்யா.”

சில மாதம் கழித்துப் படித்த முடிவோடு வீட்டுக்கு வந்தார். மலைமேல் கிடைத்தவை சுத்தமான காட்டுப்பூனைகளாம். அடிவாரத்தில் மட்டும் வீட்டுப்பூனை கலந்திருக்கிறதாம்.

“கலந்தா இன்னா? ரெண்டும் பூனைதானே?”

“மலையில இருக்கறதே கம்மிங்கய்யா. சுத்தி ரோடும் ஊருமா இருக்கு, வெளியிலேர்ந்து வேற பூனை வர வழியில்ல. சொந்தத்துக்குள்ளயே சேர்ந்துக்கினு வருது. ஒரு சீக்கு வந்தா தாங்காது.”

என் மனைவி காபி கொண்டு வந்தாள். “சொந்தத்துல கட்டினா அப்படித்தாம்மா. மாமன் புள்ளைன்னு இவரு தலையில என்னியக் கட்டி வெச்சாங்க. தாங்கிக்கினுதான் கீறேன்.”

நான் விடவில்லை. “அப்போ என் பூனை வெளி ரத்தந்தானே? நல்லதுதானே செஞ்சிருக்கேன்?”

“வெளி ரத்தம் வேணும். அது இன்னொரு மலையோட காட்டுப்பூனையா இருக்கணும். வூட்டுப்பூனை கலந்துக்கினே போனா, காட்டுப்பூனைன்னு ஒண்ணே இல்லாம பூடும். நீங்க வெதைக்குப் போட்ட சோளத்துக்குப் பக்கத்துல வேற சோளம் போட விடுவீங்களா?”

போன பட்டத்தில் அதற்காகத்தான் பக்கத்து நிலத்துக்காரரோடு சட்டையைப் பிடிக்கிற அளவுக்குப் போயிருந்தேன். மோட்டார் கொட்டகை விஷயத்தை அன்று சொல்ல வாய் வரவில்லை. மறுநாள் நானே போய்ச் சொன்னேன். அவர் நோட்டில் எழுதிக்கொண்டார்.

பிறகு நடந்ததைக் கேளுங்கள். அடிவாரத்தில் நான் கொடுத்த பூனைகளை வீடு வீடாகப் போய்ப் பிடித்தேன். கூடையில் போட்டு வலை கட்டி, கால்நடை டாக்டரிடம் தூக்கிப் போய் அறுவை செய்து, திரும்பக் கொண்டுபோய் விட்டேன். இரண்டு கையிலும் கீறல். டீக்கடையில் ஒருவன் கேட்டான்: “இன்னா மாமா, பூனைக்குக் குடும்பக் கட்டுப்பாடா? கேம்ப் எப்போ?”

“மொதல் டோக்கன் ஒனக்குத்தான்டா” என்றேன். கடையே சிரித்தது. ஒரு கூடையைப் பிடிக்க ஒருவரும் எழுந்து வரவில்லை.

கரும்பு வெட்டையும் மாற்றினேன். எங்கள் பக்கம் ஆட்கள் நாலு பக்கமும் வெட்டிக்கொண்டு நடுவுக்கு வருவார்கள். உள்ளே இருக்கும் முயல் கடைசித் திட்டில் மாட்டிக்கொள்ளும், ராத்திரிக்குக் கறி ஆகும். குட்டி போட்ட காட்டுப்பூனையும் அதே திட்டில்தான் மாட்டும். ரோட்டுப் பக்கம் தொடங்கி மலைப் பக்கமாக வெட்டச் சொன்னேன்.

வெட்டு மேஸ்திரி முறைத்தார். “முயலு ஓடிப் பூடுமே முதலாளி.”

“ஓடட்டும். கோழி நான் போடறேன்.”

அந்த வெட்டில் தாய்ப்பூனை ஒன்று குட்டியை வாயில் கவ்விக்கொண்டு மலைப் பக்கம் போனது. மூன்று முறை வந்து மூன்று குட்டியையும் எடுத்துப் போனது. ஆட்கள் கத்தியைக் கீழே போட்டுவிட்டுப் பார்த்தார்கள்.

அந்த ஆராய்ச்சிப் பெண் எழுதிய புத்தகத்தில் இதெல்லாம் இருக்கிறது. ‘உள்ளூர் மக்கள் ஒத்துழைத்தனர்’ என்று இருக்கிறது. அவருக்குப் போன் போட்டுக் கேட்டேன்.

“உங்க பேரைப் போட்டா, கலப்புக்குக் காரணமும் நீங்கதான்னு போடணுங்கய்யா. ஊர்ல ஒங்களுக்கு மரியாதைக் கொறைவுன்னுதான் விட்டுட்டேன்” என்றார்.

நல்ல எண்ணம்தான். ஆனால் என் மரியாதையை நான் பார்த்துக்கொள்வேன். அடுத்த அச்சில் இரண்டையும் போட வேண்டும். கலப்பை உண்டாக்கியவன் நான், அதை நிறுத்தியவனும் நான். உள்ளூர் மக்கள் டீக்கடையில் உட்கார்ந்து சிரித்தார்கள். அந்த வரியை எடுத்துவிட்டு அங்கே என் பெயரைப் போடுங்கள்.